ஆனைகட்டி எல்லையில் ஒரு கேள்வி: மது மூளையை என்ன செய்கிறது?

கோயமுத்தூரில் பஸ் ஏறித் தடாகம், மாங்கரை வழியாக மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் ஆனைகட்டி. கொடுங்கரைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு; பாலத்தைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. பெயர்ப் பலகையில் எழுத்து மாறுகிறதே தவிர, பேச்சு மாறுவதில்லை. அந்தப் பக்கத்து டீக்கடையிலும் தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்கலாம். இருபுறமும் இருளர் ஊர்கள், இருபுறமும் உறவு.

எழுத்தோடு சேர்ந்து மாறுகிற இன்னொன்று மதுச் சட்டம். அகளி, புதூர், ஷோளயூர் என்னும் மூன்று பஞ்சாயத்துகளைக் கொண்டது அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் வாழும் இந்த மலைப் பகுதியில் 1990-களின் நடுவிலிருந்து மது விற்பனைக்குத் தடை. கேரளம் முழுவதிலும் சாராயம் ஒழிக்கப்பட்டது 1996 ஏப்ரல் 1-ந் தேதி. தமிழ்நாட்டுப் பக்கத்திலோ, 2003 முதல் சீமைச் சரக்குச் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில். ஒரு பக்கம் விலக்கு, பாலத்துக்கு இந்தப் பக்கம் விற்பனை என்றால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கூலி வாங்கிய கையோடு எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டு, இருட்டில் மலைப்பாதையில் தள்ளாடித் திரும்பிய ஆண்களை எண்ணி அட்டப்பாடிப் பெண்கள் பொறுமை இழந்தார்கள். தாய்க்குலச் சங்கம் என்ற பெயரில் திரண்டு, 2016-ம் ஆண்டு ஆனைகட்டிக் கடையின் முன்னாலேயே போராட்டம் நடத்தினார்கள். கடை மூடப்பட்டது. வேறொரு மாநிலத்து அரசின் கடையை, வாக்குச் சீட்டு எதுவும் கையில் இல்லாத மலைவாழ் பெண்கள் மூட வைத்தது சிறிய காரியம் அல்ல.

ஆனால் கடை மூடுவதோடு கதை முடிந்துவிடுகிறதா? குடித்துப் பழகிய உடம்பிலே, அதிலும் மூளையிலே, கடை மூடிய மறுநாள் என்ன நடக்கிறது? அதைப் பற்றி நம்மில் பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது.

மேஸ்திரிக்குப் பேய் பிடித்த கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு பாலக்காட்டில் ஒரு லைன் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து அறையில் திண்டுக்கல் பக்கத்துக் கொத்தனார்கள் நாலைந்து பேர். அவர்களில் மூத்தவரை எல்லாரும் மேஸ்திரி என்றே கூப்பிடுவார்கள். தங்கமான மனிதர், வேலையில் சூரர். ஆனால் இருபது வருஷமாக ராத்திரிக்கு ஒரு குவார்ட்டர் இல்லாமல் சோறு இறங்காது. கடைசி இரண்டு மூன்று வருஷமாகக் காலையிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டால்தான் கரண்டி பிடிக்கக் கை நிற்கும் என்ற நிலைமை.

அட்டப்பாடியில் ஒரு கட்டட வேலைக்காகக் குழுவோடு மேலே போனார். கைக்கெட்டும் தூரத்தில் கடை இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்த சமயம். இதுதான் சாக்கு என்று அவரும் குடியை விட்டுவிடுவதாகச் சாமி மேல் சத்தியம் செய்திருந்தார். முதல் நாள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி. இரண்டாம் நாள் ராத்திரி தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சுவரைக் காட்டி, "பாரு தம்பி, எத்தனை எறும்பு, மேலே ஏறுது பாரு" என்று உடம்பைத் தட்டிக்கொண்டே கத்த ஆரம்பித்துவிட்டார். இறந்து போன தன் அண்ணனோடு பேசினார். தாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியவில்லை. காட்டுக்குள் இருக்கிற இடம், அமாவாசை வேறு. பையன்கள் பயந்து போய் மந்திரவாதியைத் தேட ஆரம்பித்தார்கள். நல்ல வேளை, அங்கே வந்த ஜீப் டிரைவர் ஒருவர், "அண்ணே, இது பேயும் இல்லை, பிசாசும் இல்லை, குடியை நிறுத்தினதால வர்றது. எங்க மாமாவுக்கும் வந்தது" என்று சொல்லி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

அவருடைய மாமாவுக்கு வந்திராவிட்டால் மேஸ்திரி பிழைத்திருப்பாரா என்பது சந்தேகமே.

பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும்

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் டெலிரியம் ட்ரெமென்ஸ். 1813-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் தாமஸ் சட்டன் என்ற டாக்டர் இந்தப் பெயரில் இதை விவரித்து எழுதியிருக்கிறார். ஆனால் ஏன் வருகிறது என்பது விளங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான்.

மூளையில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ரசாயனப் பொருள்களின் மூலம். அவற்றில் இரண்டு முக்கியமானவை. 'காபா' என்பது பிரேக் மாதிரி. நரம்பின் வேகத்தை அடக்கும். 'குளூட்டமேட்' என்பது ஆக்ஸிலேட்டர், வேகத்தைக் கூட்டும். மது உள்ளே போனதும் பிரேக்கை அழுத்துகிறது, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துகிறது. கவலை மறப்பதும், நாக்குக் குழறுவதும், கால் பின்னுவதும் இதனால்தான். முதலில் உற்சாகம் வருகிறதே என்று கேட்கலாம். அது உற்சாகம் அல்ல. இதைப் பேசலாமா, பேசக்கூடாதா என்று நிதானிக்கிற மூளையின் முன்பகுதி முதலில் தூங்கிப் போவதன் விளைவு.

தினமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டி ஓட்டினால் வண்டி என்ன செய்யும்? மூளை ஒரு கெட்டிக்காரத்தனம் செய்கிறது. பிரேக்கின் பிடியைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஆக்ஸிலேட்டரைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. 'அவன் எவ்வளவு குடித்தாலும் ஸ்டெடியாக நிற்பான்' என்று நண்பர்கள் பெருமையாகச் சொல்கிறார்களே, அது பலத்தின் அடையாளம் அல்ல; மூளை இப்படி மாறிப் போய்விட்டது என்பதற்கு அடையாளம். இந்த நிலைமையில் மதுவைச் சட்டென்று நிறுத்தினால், பிரேக் இல்லாத வண்டி பள்ளத்தில் பாய்கிற மாதிரி நரம்பு மண்டலம் முழுவதும் வெறி கொண்டு ஓடுகிறது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு நடுக்கம். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு மேஸ்திரியைப் போல் மதிமயக்கம். சரியான சிகிச்சை இல்லாத காலத்தில் இந்தக் கடைசிக் கட்டத்தை அடைந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று தகுந்த சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தை டாக்டர் அளவோடு கொடுத்து, ஐந்தாறு நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார், அவ்வளவுதான் வைத்தியம்.

எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று பயப்பட வேண்டாம். எப்போதாவது குடிப்பவர் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. நாள் தவறாமல் குடிப்பவர், காலையில் எழுந்ததும் கை நடுங்குபவர், முன்பு ஒரு முறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர்தான் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.

கேரளம் இந்தப் பாடத்தை ஊரறியப் படித்தது 2020-ல். கொரோனா ஊரடங்கு மார்ச் கடைசியில் வந்து மதுக் கடைகள் ஒரேயடியாக மூடப்பட்டபோது, குடி கிடைக்காத தவிப்பில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மது வழங்கலாம் என்று மாநில அரசு மார்ச் 30-ந் தேதி உத்தரவு போட்டது. மதுவைச் சீட்டில் எழுதுவது வைத்தியமே அல்ல, இதற்கு வேறு மருந்து இருக்கிறது என்று டாக்டர்கள் சங்கங்கள் எதிர்த்தன. ஏப்ரல் 2-ந் தேதி ஹைகோர்ட்டு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. டாக்டர்கள் சொன்னதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்த வேறு மருந்தைப் பற்றி அதற்கு முன்பு ஜனங்களுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

ஒரு குவார்ட்டரின் கணக்கு

கணக்கெழுதும் நண்பர்கள் இந்தப் பத்தியைப் பொறுமையாகப் படிக்கலாம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால். அதாவது 77 மில்லி. எடையில் சுமார் 61 கிராம். நல்ல ஆரோக்கியமான ஈரல் ஒரு மணி நேரத்தில் அப்புறப்படுத்துவது சுமார் 7, 8 கிராம்தான். மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்தாலும், தலையில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாலும் இந்த வேகம் கூடாது. ஆகவே ராத்திரி 10 மணிக்குக் காலியான குவார்ட்டர் முழுவதும் உடம்பை விட்டுப் போகக் காலை 6 மணி ஆகிவிடுகிறது. அதற்கு மேலே இன்னொரு கட்டிங் போட்டவர், காலை எட்டு மணிக்குச் சாரத்தில் ஏறும்போதும் ரத்தத்தில் மதுவோடுதான் ஏறுகிறார். வண்டி ஓட்டுகிறவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராம் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. சாரத்தில் ஏறுகிறவருக்கு வரம்பு வைத்தவர் யாரும் இல்லை.

'பீர்தானே, பார்லித் தண்ணீர் மாதிரி' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 650 மில்லி பெரிய பாட்டிலில் நூற்றுக்கு 5 பங்கு வைத்துப் பார்த்தாலே சுமார் 26 கிராம். ஸ்ட்ராங் பீர் என்றால் இன்னும் அதிகம்.

மூணாறு, பீர்மேடு பக்கத்து எஸ்டேட் நண்பர்கள் குளிருக்குத்தான் குடிக்கிறோம் என்பார்கள். மது தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடு வந்தது போல் தோன்றுகிறது. உண்மையில் உடம்பின் உள்சூடு அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. தூக்கத்துக்காகக் குடிப்பவர் சீக்கிரம் தூங்கிவிடுவார். ஆனால் பின்னிரவில் விழித்துக்கொள்வார்.

அரிசித் தவிடும் ஞாபக சக்தியும்

மேஸ்திரியை ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் முதலில் போட்ட ஊசி ஒரு வைட்டமின் ஊசி. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சோறு தின்கிற நமக்கு நெருக்கமான கதை.

1881-ல் ஜெர்மனியில் கார்ல் வெர்னிக்கி என்ற டாக்டர், கண் பாவை சரியாக அசையாமல், நடை தள்ளாடி, புத்தி குழம்பிய நோயாளிகளைப் பற்றி எழுதினார். சில ஆண்டுகள் கழித்து ரஷ்யாவில் செர்கேய் கோர்சக்காப் என்பவர், நாள்பட்ட குடிகாரர்களிடம் ஒரு விசித்திரமான மறதியைக் கண்டார். பழைய நினைவு ஓரளவு இருக்கும். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன் நடந்தது மனதில் தங்காது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், சாப்பிடாத தோசையைச் சாப்பிட்டதாகக் கூசாமல் சொல்வார். பொய் சொல்ல வேண்டும் என்பதல்ல. ஞாபகத்தில் உள்ள ஓட்டையை மூளை கற்பனையால் அடைத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அதே காலத்தில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர், தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிட்டோடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கவனித்தார். பெரிபெரி என்ற நோயின் ரகசியம் அப்படி வெளிப்பட்டது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தச் சத்துதான் தயமின் என்னும் வைட்டமின் பி-1. நெல்லைப் புழுக்கும்போது இந்தச் சத்தில் ஒரு பகுதி உமித் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசி தின்ற நம் முன்னோர்கள் காரணம் தெரியாமலே இதைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அட்டப்பாடி மலைவாசிகளின் பழைய உணவான ராகியிலும் துவரையிலும்கூட இது உண்டு.

குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் குடலில் தயமின் ஏறுவதை மது தடுக்கிறது. ஈரலில் சேமித்து வைக்கவும் விடுவதில்லை. உடம்பின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. அப்புறம் மூளையில் ஞாபகத்துக்கும் கண்ணசைவுக்கும் உரிய இடங்கள் பட்டினியில் சாகின்றன. தள்ளாட்டம், கண், குழப்பம் மூன்றும் ஒன்றாகத் தெரிவது சிலரிடமே. மற்றவர்களைப் 'போதையில் இருக்கிறான்' என்று வீட்டில் படுக்க வைத்துவிடுகிறார்கள். உரிய நேரத்தில் ஊசி போட்டால் ஓரிரு நாளில் கண் தெளியும். தவறவிட்டால் ஞாபகம் பலருக்குத் திரும்பி வராது. குளுக்கோஸ் ஏற்றும்போது தயமினையும் தர வேண்டும் என்பதால், நோயாளி குடிப்பவர் என்பதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. குடும்ப மானம் போய்விடும் என்று ஊரிலிருந்து வந்த மைத்துனர்கள் மறைத்துவிடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இதே மாதிரி ஏமாற்றும் இன்னொரு ஆபத்து, தலையில் அடி. நாள்பட்டுக் குடித்தவரின் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். கீழே விழும்போது மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே உள்ள சிறு ரத்தக் குழாய்கள் எளிதில் அறுந்து மெல்லக் கசியும். விழுந்தவர் எழுந்து நடந்து வந்து படுப்பார். நாலு நாள், சில சமயம் இரண்டு வாரம் கழித்துத் தலைவலி, உளறல், ஒரு பக்கம் கை கால் சோர்வு. பக்கத்தில் இருப்பவர்கள் 'இன்றைக்கும் ஊற்றிக்கொண்டான்' என்பார்கள். ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

கொஞ்சம் குடித்தால்?

பெரிய குடிகாரர்களின் கதை இது, அளவோடு குடிப்பவனுக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ஸ்கேன் ஆராய்ச்சிகள் பதில் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. பிரிட்டனில் 550 பேரை 30 ஆண்டுகள் கவனித்து 2017-ல் வெளியிட்ட முடிவுகளில், மிதமாகக் குடித்தவர்களுக்கும் ஞாபகத்துக்கு ஆதாரமான 'ஹிப்போகாம்பஸ்' பகுதி சுருங்கியிருந்தது. 2022-ல் அதே நாட்டில் 36,678 பேரின் ஸ்கேன்களை ஒப்பிட்டபோது, தினம் ஒன்றிரண்டு யூனிட் என்ற அளவிலேயே மூளையின் பருமன் குறையத் தொடங்குவது தெரிந்தது. ஒரு யூனிட் என்பது நம் பெரிய பீர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்படிப்பட்ட ஆராய்ச்சி தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை முழுக்க நிரூபிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது. பிரான்சில் 65 வயதுக்கு முன்பே புத்தி மழுங்கும் நோய் கண்ட 57,000-க்கு மேற்பட்டவர்களின் ஆஸ்பத்திரிப் பதிவுகளை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் மது தொடர்பானவர்கள்.

நம் பக்கத்திலும் ஆராய்ச்சி நடக்கிறது. பெங்களூரில் 1974-ல் உருவான நிம்ஹான்ஸ் நிலையத்தில் டாக்டர் விவேக் பெனகல் குழுவினர், குடிக்கு அடிமையான தகப்பன்மாரின் பிள்ளைகளை ஸ்கேன் செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் அதுவரை மதுவைத் தொடாதவர்கள். இருந்தும் அவர்கள் மூளையின் சில பகுதிகள் மற்றவர்களைவிடச் சிறியவையாக இருந்தன. சிலருக்கு ஏன் முதல் கிளாஸே விலங்காகிவிடுகிறது என்பதற்கு இது ஒரு தடயம். குடும்பத்தில் குடி நோய் உள்ளவர்கள் விளையாட்டுக்குக்கூட ஆரம்பிக்கக் கூடாது என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நல்ல செய்தியும் உண்டு. குடியை நிறுத்தியவர்களை மறுபடி ஸ்கேன் செய்து பார்த்ததில், சுருங்கிய மூளை சில வாரங்களிலேயே ஓரளவு பருமன் திரும்பத் தொடங்குகிறது. மாதக் கணக்கில் கவனமும் நிதானமும் தேறுகின்றன. முழுவதும் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை.

யாரிடம் போவது?

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அவர்களில் சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் நிலையில் உள்ளவர்கள் 5 கோடியே 70 லட்சம். இது கெட்ட நடத்தை அல்ல, வைத்தியம் செய்ய வேண்டிய நோய் என்று தமிழ்நாட்டில் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் சென்னை சாந்தி ரங்கநாதன். தம் கணவரை இந்த நோய்க்குப் பறிகொடுத்த அவர் 1980-ல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்தார். நோயாளி மட்டுமல்ல, மனைவியும் பிள்ளைகளும் ஆலோசனைக்கு வர வேண்டும் என்று அங்கே வழக்கமாக்கினார்கள். பட்டணத்துக்கு வர முடியாதவர்களுக்காக மஞ்சக்குடி போன்ற கிராமத்திலேயே முகாம் போட்டுச் சிகிச்சை அளித்தார்கள். வேலையையும் கூலியையும் விட்டு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடக்க முடியாத நம்மவர்களுக்கு ஏற்ற வழி அது. எல்லையோரங்களில் அப்படிப்பட்ட தமிழ் முகாம்கள் ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றுகிறது. கேரள அரசின் 'விமுக்தி' இயக்கம் 2016 முதல் இருக்கிறது. ஆனால் மலையாள நோட்டீஸைப் படிக்கத் தெரியாத மேஸ்திரிக்கு அது எட்டுவது எப்படி?

அட்டப்பாடியில் இருப்பவர்களுக்குக் கோட்டத்தறையில் அரசு பழங்குடியினர் சிறப்பு ஆஸ்பத்திரி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. போனிலே கேட்க நினைப்பவர்கள், எந்த மாநிலத்திலிருந்தும் கட்டணமில்லாமல் 14446 என்ற போதை மீட்பு எண்ணையோ, 14416 என்ற மனநல எண்ணையோ அழைக்கலாம். 14416-ல் தமிழிலும் பேசலாம்.

மேஸ்திரி பத்து நாளில் எழுந்து உட்கார்ந்தார். அந்த மூன்று நாள் என்ன நடந்தது என்பது அவருக்கு இன்றுவரை நினைவில்லை, எறும்பைப் பற்றிப் பையன்கள் சொன்னால், "நானா? என்ன சார், கதை கட்டுறாங்க" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார், போயிருந்தேன். பந்தியில் இலை போட்டு நின்றபோது கை நடுங்குகிறதா என்று என்னையறியாமல் கவனித்தேன். ரசம் ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை.